சட்டம் கேட்கும் மூன்று அளவுகள்

நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என அரணை நான்காக வகுத்துரைத்த பழந்தமிழ் நூலோர், தம் இலக்கணத்துக்கு உதாரணம் வேண்டிச் செஞ்சிக்கு வந்திருப்பின், வேறெங்கும் போயிருக்க வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் முக்கோணமாய் இணைத்து நிற்க, மதிலையொட்டி அகழியும், அதற்கப்பால் முட்புதர்க் காடும், குன்றின் மீது சுனையும், அடிவாரத்தில் குளங்களுமாக அமைந்த இக்கோட்டையை, 1690-இல் முற்றுகையிடத் தொடங்கிய மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1698-இல்தான் கைப்பற்ற முடிந்தது என்பது சரித்திரம். உள்ளே இருந்தவர்களைக் காத்ததில் மதிலின் உயரத்துக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு தண்ணீருக்கும் உண்டு.

இன்று ஒரு நாட்டின் சேனை மற்றொரு நாட்டின் இத்தகைய கோட்டை ஒன்றை வளைத்துக்கொண்டு, அதன் குளத்தில் விஷத்தைக் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேனாபதி யுத்தக் குற்றவாளி ஆகிறான். எந்த அரசனின் ஆணையைக் காட்டியும் அவன் தப்ப முடியாது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கூண்டில் அவனை ஏற்றுவதற்குச் சட்டம் இருக்கிறது. இனி, அதே குளத்தில் அதே விஷத்தை, யாதொரு யுத்தமும் இல்லாத காலத்தில், ஓர் ஆலை தன் கழிவோடு சேர்த்துப் பல்லாண்டுகள் கலந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நடப்பது என்ன? நோட்டீசு போகிறது, பதில் வருகிறது, அபராதம் விதிக்கப்படுகிறது, சில வேளை அதுவும் கட்டப்படுவதில்லை. விஷம் ஒன்றே, குளம் ஒன்றே, அதைக் குடித்து நோயுறும் குழந்தையும் ஒன்றே. எனினும் முன்னது மனித குலத்தின் மனச்சாட்சிக்கு விரோதமான பாதகம், பின்னது ஒரு மாவட்ட அலுவலகத்துக் கோப்பு. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் உண்டா என்னும் கேள்வியே சென்ற அரை நூற்றாண்டாகச் சட்ட வல்லுநர்களையும் விஞ்ஞானிகளையும் ஒருசேர உறுத்திவருகிறது.

அவர்கள் முன்மொழியும் புதிய குற்றத்தை மேல்நாட்டார் எக்கோசைட் என்கின்றனர். இனத்தை அழிப்பதை இனப்படுகொலை என்று வழங்கும் நாம் இதைச் சூழற்படுகொலை என்று வழங்கலாம். இச்சொல்லை உலக மேடைக்குக் கொணர்ந்தவர் வழக்கறிஞர் அல்லர், ஆர்தர் கால்ஸ்டன் என்னும் அமெரிக்கத் தாவர விஞ்ஞானி. 1940-களின் தொடக்கத்தில் மாணவராயிருந்தபோது, சோயாச் செடியை விரைவில் பூக்கவைக்கும் ஒரு ரசாயனத்தை அவர் ஆராய்ந்தார். அளவாகத் தெளித்தால் பூக்கவைக்கும் அப்பொருளை அளவு மீறித் தெளித்தால் செடி இலைகளையெல்லாம் உதிர்த்துவிடுவதையும் அவர் குறித்துவைத்தார். இலையுதிர்க்கும் ரசாயனங்களைத் தேடிய படைத்துறை ஆய்வாளர்களுக்கு அந்தக் குறிப்பும் பயன்பட்டது. 1962 முதல் 1971 வரை வியத்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கு மேற்பட்ட களைக்கொல்லிகளைத் தெளித்தன. அவற்றில் பெரும்பங்கான ஏஜெண்ட் ஆரஞ்சில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. தம் விஞ்ஞானம் இவ்வழிக்குப் போனதைக் கண்டு வருந்திய கால்ஸ்டன், அதை நிறுத்தும்படி சக விஞ்ஞானிகளுடன் சேர்ந்து வாதாடியதோடு, 1970-இல் வாஷிங்டனில் கூடிய ஒரு மாநாட்டில் சூழற்படுகொலையைச் சர்வதேச உடன்படிக்கையால் தடைசெய்ய வேண்டும் என்றார். இரண்டு ஆண்டு கழித்து ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் மாநாட்டில் ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே அதே சொல்லை எடுத்தாண்டார்.

பின்னர் வந்த சட்டங்கள் யுத்த களத்தோடு நின்றுவிட்டன. இயற்கையையே ஆயுதமாக மாற்றுவதைத் தடுக்கும் உடன்படிக்கை 1976-இலும், ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை 1977-இலும் ஏற்கப்பட்டன. 1998-இல் நிறைவேறிய ரோம் சாசனம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவி, இனப்படுகொலை, மனித குலத்துக்கு விரோதமான குற்றங்கள், யுத்தக் குற்றங்கள், ஆக்கிரமிப்பு என நான்கு குற்றங்களை அதன் வரம்பில் வைத்தது. இயற்கைக்கு விளையும் சேதம் அச்சாசனத்தில் யுத்தக் குற்றங்களின் ஓர் உட்பிரிவில் மட்டும் வருகிறது; அப்பிரிவின் கீழ் அந்நீதிமன்றம் இதுவரை ஒருவரையும் தண்டித்ததில்லை. ஐந்தாவது குற்றமாகச் சூழற்படுகொலையைச் சேர்க்கும் பொருட்டு, பிலிப் சாண்ட்ஸ், தியோர் ஃபால் சோவ் ஆகிய இருவர் தலைமையில், வங்காள தேசத்தின் சையதா ரிஸ்வானா ஹசன் உள்ளிட்ட 12 நிபுணர்கள் 2021 ஜூன் மாதத்தில் ஒரு வரையறையை வெளியிட்டார்கள். கடல் மட்டம் உயர உயரத் தம் நிலத்தை இழந்துவரும் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா என்னும் தீவு நாடுகள் 2024 செப்டம்பரில் அதையொட்டிய திருத்தத்தை முறைப்படி முன்வைத்துள்ளன. உறுப்பு நாடுகளில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றி அது நிறைவேறாது. இந்தியாவும் இலங்கையும் அச்சாசனத்தில் சேராத நாடுகள்.

அந்த வரையறையின் சாரம் இது: கடுமையானதும், அதனோடு பரந்ததாகவோ நீடித்ததாகவோ இருப்பதுமான சேதம் சுற்றுச்சூழலுக்கு நேர்வதற்குப் பெரிதும் இடமுண்டு என்று அறிந்திருந்தும், சட்டவிரோதமாகவோ பொறுப்பின்றியோ செய்யும் செயல் சூழற்படுகொலை. இதில் கடுமை, பரப்பு, நீடிப்பு என்னும் மூன்றும் பார்வைக்குச் சட்டச் சொற்களாகத் தோன்றினும், அவற்றின் விடை நீதிபதியின் மேசையில் இல்லை. எவ்வளவு கடுமை என்று சொல்ல ரசாயனி வேண்டும். எவ்வளவு பரப்பு என்று சொல்ல நிலவியலாளர் வேண்டும். எத்தனை காலம் என்று சொல்ல இருவரும் சேர்ந்து கணக்கிட வேண்டும். 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு உடன்பட்டவர்கள், பரப்பு என்றால் பல நூறு சதுர கிலோமீட்டர் என்றும், நீடிப்பு என்றால் சில மாதங்கள் அல்லது ஒரு பருவம் என்றும் பொருள் கொண்டார்கள்; அடுத்த ஆண்டே எழுந்த ஜெனீவா நெறிமுறையிலோ நீடிப்புக்குப் பல பத்தாண்டுகள் என்று பொருள் கொள்ளப்பட்டது. மேலும், முன்னதில் மூன்றில் ஒன்று நிறைவேறினாலே போதும். பின்னதிலும் ரோம் சாசனத்திலும் மூன்றும் ஒருங்கே நிறைவேற வேண்டும். 2021-ஆம் ஆண்டு வரையறை இடைவழியில் நிற்கிறது: கடுமை கட்டாயம், மற்ற இரண்டில் ஒன்று போதும், நீடிப்புக்கு ஆண்டுக் கணக்குச் சொல்லாமல், இயற்கை தானாக நியாயமான காலத்துக்குள் தேறிக்கொள்ள முடியாத சேதம் என்று அது கூறுகிறது.

இவ்வளவுகளை எப்படி அளப்பது என்பதை நம் பக்கத்திலேயே ஓரிடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வடக்கே சென்றால், பாலாற்றின் தென்கரையில் ஆற்காடும் வடகரையில் ராணிப்பேட்டையும் வரும். 1714-இல் செஞ்சியின் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டதும், அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் நாட்டுப்புறக் கதைப்பாடல் வழியே எல்லாரும் அறிந்தவை. அந்த ராணியின் நினைவாக நவாப் அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த ராணிப்பேட்டையை 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்தின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

வட ஆற்காட்டில் தோல் பதனிடுதல் பழைய தொழில். செஞ்சிச் சுற்றுவட்டாரத்து வறண்ட மேடுகளில் மஞ்சள் பூத்துக் கிடக்கிறதே, அந்த ஆவாரையின் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த சாற்றில்தான் ஒரு காலத்தில் தோல்கள் வாரக்கணக்கில் கிடந்து பதமாயின. பதனிட்ட தோலாக மட்டும் அனுப்பாமல், முற்றுப்பெற்ற சரக்காக ஏற்றுமதி செய்யவேண்டும் என்று 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்ததைத் தொடர்ந்து சர்க்கார் கொள்கை மாறவே, வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடும் குரோமியப் பதனீடு வேகமாகப் பரவிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை ஊர்களிலெல்லாம் தோல் பதனிடும் டேனரிகள் பெருகின. தோல் அழுகாதிருக்கத் தடவிய உப்பு ஊறவைக்கும் தொட்டியிலேயே கரைந்து வெளியேறும். தோல் உறிஞ்சாமல் விட்ட குரோமியம் பிற்பாடு வெளியேறும். இரண்டும் ஓடையிலும் ஆற்று மணலிலும் கலக்கும்.

குரோமியம் எல்லாம் விஷமா என்றால், இல்லை. அந்த உலோகம் சேர்மங்களில் பெரும்பாலும் இரு நிலைகளில் இருக்கிறது. மூவிணைத் திறக் குரோமியம் தோலின் புரதத்தைப் பிணைத்து அதை உறுதியாக்குவது, நீரில் எளிதில் கரையாதது, மண்ணிலும் களியிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது, தீமையும் குறைந்தது. அறுவிணைத் திறக் குரோமியம் நேர்மாறானது. அது ஆக்சிஜனோடு கூடிக் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாகி நீரில் தாராளமாகக் கரைகிறது. களிமண் துகளின் மேற்பரப்பும் எதிர்மின்னே கொண்டதாகையால் அதைப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. உயிரணுவுக்குள் அது நுழையும் விதத்தைச் செஞ்சிக் கோட்டை வாயிலில் வைத்தே விளக்கலாம். நாள்தோறும் விறகு சுமந்து வருகிறவர்களைக் காவலன் சோதிப்பதில்லை, விறகில்லாமல் அடுப்பு எரியாது. ஒற்றன் ஒருவன் அதே உடையில் அதே சுமையோடு வரிசையில் நின்றால் அவனும் உள்ளே போய்விடுகிறான். உயிரணுவுக்குச் சல்ஃபேட் அன்றாடம் தேவை; உருவிலும் மின்னேற்றத்திலும் குரோமேட் அதை ஒத்திருப்பதால், சல்ஃபேட்டுக்கென்று திறக்கும் வழியே அது புகுந்துவிடுகிறது. புகுந்தபின் மூவிணைத் திற நிலைக்கு மாறுகிறது. மாறும்போது நேரும் ரசாயனக் கலகத்தில் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. சேதமடைகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

பதனிடுவோர் வாங்கும் குரோமிய உப்பை உற்பத்தி செய்யும் ஆலையில்தான் இந்த அறுவிணைத் திற நிலை பெருமளவில் தோன்றுகிறது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு உலையில் வறுத்து, வறுத்ததை நீரில் கரைத்து வடித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையில் வடியாத குரோமேட் மிச்சமிருக்கும். ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் 1970-களின் நடுவில் தொடங்கி 1995-இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலையின் வளாகத்தில் அத்தகைய சக்கை ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. ஆலை நின்றது, மழை நிற்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் குவியலின் அடியிலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர் கசிந்து தாழ்ந்த இடங்களுக்குச் சென்றது.

ஆனால் மஞ்சள் நிறம் சாட்சியமாகாது. நிறமே தெரியாத அளவிலும் குரோமேட் தீங்கு செய்யும். இந்தியத் தரநிர்ணயம் குடிநீரில் அனுமதிக்கும் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அவ்வளவு நுண்ணிய அளவைக் கண்ணுக்குத் தெரியவைக்க ஓர் எளிய வழி உண்டு. கிணற்றில் எடுத்த தெளிந்த நீரில் சிறிது அமிலம் விட்டு, டைபினைல் கார்பசைடு என்னும் ரசாயனத்தைச் சில துளி சேர்த்தால், அறுவிணைத் திறக் குரோமியம் இருக்குமாயின் நீர் சில நிமிஷத்தில் ஊதா கலந்த சிவப்பாக மாறும். மூவிணைத் திறக் குரோமியம் எவ்வளவு இருந்தாலும் இந்த நிறம் வராது. நிறத்தின் அடர்த்தியைக் கருவியால் அளந்தால் நஞ்சின் அளவு தெரிந்துவிடும். கடுமை என்னும் முதல் அளவு இவ்வாறு ஒரு சோதனைக் குழாயில் பிரத்தியட்சமாகிறது.

நஞ்சு இருப்பது தெரிந்தது. அது எங்கிருந்து வந்தது? இங்கே எதிர்வாதி எழுந்து, பாறையிலேயே குரோமியம் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வோம் என்பார். வாதம் முற்றிலும் பொய்யன்று. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட் தாதுவே பாறையில் படிந்திருக்கிறது. ஆகவே நிலவியலாளர் முதலில் பாறையைப் பார்க்கிறார். ராணிப்பேட்டையின் அடியிலுள்ளவை கிரானைட், நைஸ் வகையைச் சேர்ந்த பாறைகள். அவற்றில் இயல்பாகக் குரோமியம் மிகச் சொற்பம். அடுத்து, சுற்றிலுமுள்ள கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து, நிலத்தடி நீர் எத்திசையில் சரிந்து செல்கிறது என்பதை வரைகிறார். குவியலுக்கு மேட்டுப் புறத்துக் கிணறுகள் நன்றாகவும் பள்ளப் புறத்துக் கிணறுகள் கெட்டும் இருந்து, தூரம் கூடக்கூட நஞ்சு குறைந்தும் வருமானால், குவியலே மூலம் என்பது வலுப்பெறுகிறது. இதற்கு மேலும் ஓர் அத்தாட்சி உண்டு. குரோமிய அணுக்களில் எடையில் சிறிதே வேறுபட்ட ஐசோடோப்புகள், அதாவது ஓரிடத் தனிமங்கள், இருக்கின்றன. அறுவிணைத் திற நிலை இயற்கையாகத் தணிந்து மூவிணைத் திற நிலைக்கு மாறும்போது இலேசான அணுக்கள் முந்திக்கொள்ள, கனத்தவை நீரில் பின்தங்குகின்றன. நீரில் எஞ்சியதன் எடை விகிதத்தை அளந்தால், நிலம் எவ்வளவு நஞ்சைத் தானே முறித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிடலாம். சட்டம் கேட்கும் நீடிப்பு என்னும் அளவுக்கு விஞ்ஞானம் தரக்கூடிய மிக நேரான விடைகளுள் இது ஒன்று.

கடினப் பாறை நிலத்தில் இந்த ஆராய்ச்சி ஏன் சிக்கலாகிறது என்பதை அறிய ராஜகிரிக்கு ஏறும் படிகளின் இருமருங்கும் நோக்கினால் போதும். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்தக் கிரானைட் உருண்டைகளின் உடம்பில் மழை நீர் இறங்குவதில்லை. வழுக்கிக் கொண்டு ஓடிவிடுகிறது. பாறையைப் பிளந்திருக்கும் விரிசலில் மட்டும் ஈரம் நின்று, ஒரு விரல் அகலமும் இல்லாத அந்த இடத்தில் இச்சி மரம் வேர்விட்டு நிற்கும். நிலத்துக்கு அடியிலும் இதுவே நியதி: நீர் விரிசல் வழியாகவே நடக்கிறது. ஆதலால் குவியலுக்கு அருகிலுள்ள கிணறு விரிசலில் சிக்காமல் நன்றாக இருக்கவும், தொலைவிலுள்ள கிணறு அவ்விரிசலிலேயே அமைந்துபோய்க் கெடவும் கூடும். ஒரு கிணற்றைக் காட்டிக் குற்றத்தை நிரூபிப்பதும் தவறு, ஒரு கிணற்றைக் காட்டி மறுப்பதும் தவறு. பல கிணறுகளில் பல ஆண்டுகள் எடுத்த அளவுகளைக் கணித மாதிரியில் இட்டு நஞ்சின் பயணத்தைக் கணிக்க வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் மேல் பாலாற்றுப் படுகைக்கு அத்தகைய மாதிரிகளை அமைத்தார்கள்.

பரப்பு என்னும் அளவுக்கும் பாலாற்றில் விடை உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வேலூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கை எடுத்துக்காட்டி, டேனரிகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைக் குறிக்கிறது. 35,000 ஹெக்டேர் என்பது 350 சதுர கிலோமீட்டர். ஆக, 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கை யுத்தத்துக்கென வைத்த பல நூறு சதுர கிலோமீட்டர் என்ற எல்லையைப் பாலாறு சமாதான காலத்திலேயே கடந்துவிட்டது. நீடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குரோமேட் ஆலை மூடப்பட்டு முப்பது ஆண்டு ஆகியும் சக்கையும் நஞ்சும் பேச்சாகவே இருக்கின்றன.

இனி எஞ்சுவது நான்காவது அம்சம், அறிவு. சேதம் விளையும் என்று தெரிந்தே செய்தாரா? இங்கே விஞ்ஞானத்தின் பழைய ஏடுகள் சாட்சிக்கு வருகின்றன. குரோமேட்டைக் கையாளும் தொழிலாளரின் தோலில் குழிப்புண் விழுவதை 1827-இலேயே கிளாஸ்கோ மருத்துவர் ஒருவர் எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் குரோமிய வண்ணத் தொழிலாளி ஒருவரின் மூக்கில் கட்டி கண்டது பதிவாயிற்று. ஆகவே 1970-களில் எந்த நாட்டில் குரோமேட் ஆலையை நிறுவியவரும், இது தீங்கற்றது என்று நினைத்தேன் என வாதிட முடியாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கம்பெனியை விசாரிப்பதில்லை, மனிதரையே விசாரிக்கிறது. அதனால்தான் இச்சட்டத்தை வேண்டுவோர், நிர்வாகக் குழுவின் மேசையில் கையெழுத்திடுபவர் தம் சொத்தோடு தம் சுதந்திரத்தையும் எண்ணிப் பார்ப்பார் என்று நம்புகின்றனர். ஆனால் குற்றவியல் சட்டம் பின்னோக்கிப் பாய்வதில்லை. நாளையே இந்தியா சேர்ந்தாலும் நேற்றைய ராணிப்பேட்டை விசாரணைக்கு வராது.

இந்த உதாரணம் வரையறையின் வலிமையைக் காட்டுவது போலவே அதன் பலவீனத்தையும் காட்டுகிறது. குரோமேட் குவியல் ஓரிடத்தில் ஒரு நிர்வாகத்தால் உண்டானது. குற்றவியல் சட்டம் தேடும் ஒற்றைக் கை அங்கே அகப்படக்கூடும். பாலாறு அப்படியன்று. தமிழ்நாட்டில் அக்காலத்தில் 900-க்கு மேற்பட்ட டேனரிகள் இருந்தன என்று அதே தீர்ப்பு கூறுகிறது. அவற்றுள் பலவும் சிறு முதலாளிகளுடையவை. ஒருவர் வடித்துவிட்ட உப்பு நீரால் ஒரு வயலும் கெட்டிராது. எல்லாரும் வடித்ததால் ஒரு நதியே கெட்டது. கடுமை, பரப்பு, நீடிப்பு மூன்றும் கூட்டுத்தொகையில்தான் தோன்றுகின்றன. தனித் தனியே பிரித்தால் ஒவ்வொருவரும் அளவுக்கு உட்பட்டவரே. ஒருவன் ஒருவனைக் கொல்லும் குற்றத்தை மனத்திற்கொண்டு வளர்ந்த சட்டத்துக்கு, ஆயிரம் பேர் சிறுகச் சிறுகச் செய்யும் கொலை புலப்படுவதில்லை. மேலும், எதிர்பார்க்கும் சமூக, பொருளாதார நன்மையைவிடச் சேதம் தெளிவாக மிகுந்திருந்தாலே பொறுப்பின்மை என்று புதிய வரையறை சொல்கிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழிலை எந்தத் தராசில் எதற்கு எதிராக வைப்பது என்பது, செல்வ நாடுகளின் கடைகளுக்குச் செருப்புத் தோல் அனுப்பிய நாடுகளுக்கு எளிய கேள்வியன்று.

பாலாற்றுக்கு உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே வேறொரு வழியை வகுத்திருந்தது. தீங்கு நேரும் முன்பே எச்சரிக்கையோடு தடுப்பது, மாசு செய்தவரே நஷ்டத்துக்கும் சீரமைப்புக்கும் பணம் கட்டுவது என்னும் இரு கோட்பாடுகளை அது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இங்கே குற்றவாளியின் மனத்தை ஆராய வேண்டியதில்லை. பங்கை ஆராய்ந்தால் போதும். இதுவே பல கைகளால் நேரும் அழிவுக்குப் பொருந்தும் மார்க்கம் என்பது என் கருத்து. ஆனால் மார்க்கம் சரியாயிருந்தும் தொகை சிறுத்துப்போயிற்று. 35,000 ஹெக்டேர் கெட்டதாகச் சொன்ன அதே தீர்ப்பில் டேனரி ஒவ்வொன்றுக்கும் விதித்த மாசு அபராதம் 10,000 ரூபாய். நஷ்டத்தைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் சுமார் 29,000 பேருக்கு ஏறக்குறைய 27 கோடி ரூபாய் வழங்கும்படி கூறியது. சராசரி பார்த்தால் தலைக்குப் பத்தாயிரத்தைக்கூட எட்டாத தொகை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்வழக்கில் தீர்ப்பளித்து, கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவும் ஆற்றைச் சீர்படுத்தவும் கட்டளையிட வேண்டியிருந்தது என்பதிலிருந்து இடைப்பட்ட காலம் எவ்வாறு கழிந்தது என்று ஊகிக்கலாம். உலகம் சூழல் அழிவைச் சிறைத் தண்டனைக்குரிய பாதகமாக்க யோசித்துக் கொண்டிருக்கையில், 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த ஐந்தாண்டுச் சிறையை 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தை வைத்தது. அபராதத்தைக் கட்டத் தவறினால்தான் இனிச் சிறை.

எந்த வழியாயினும், சிறையாயினும் நஷ்ட ஈடாயினும், நீதிபதி கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: முன்பு எப்படி இருந்தது? முன்னிருந்த நிலை தெரியாமல் சேதத்தின் கடுமையும் இல்லை, பரப்பும் இல்லை, நீடிப்பும் இல்லை. இதை முன்னிலைப் பதிவு எனலாம். நிலம் கெட்டபின் அதைத் திரட்ட முடியாது. நீர்வளத் துறையின் கண்காணிப்புக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் நீர் மாதிரிகள் அத்தகைய பதிவே. எனினும் விரிசல் பாறை நிலத்தில் அவற்றின் எண்ணிக்கை போதாது. செஞ்சிக்கு மேற்கிலுள்ள குன்றுகளில் பிறந்து வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக் கடலைச் சேரும் சங்கராபரணி போன்ற சிற்றாறுகளின் கரையில், ஒவ்வொரு ஊர்க் கிணற்றின் உப்பையும் நீர்மட்டத்தையும் ஆண்டுக்கு இருமுறை அளந்து ஏட்டில் எழுதிவைக்கும் வேலை ஒரு கல்லூரியின் ரசாயனத் துறைக்கு மிஞ்சியதன்று. மலிவான கருவிகளும் ஒழுங்கான பழக்கமும் இருந்தால் போதும். பன்னிரண்டு நிபுணர்கள் எழுதிய வரையறை ஒருநாள் உலகச் சட்டமாகலாம், ஆகாமலும் போகலாம். ஆகும் நாளில் சாட்சி சொல்ல வேண்டிய ஏட்டை அதற்குப் பல ஆண்டு முன்பே யாரேனும் எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.